ஊமத்தை: ஒரு களையின் சமுதாய வரலாறு

மிளகுக்கு வரலாறு உண்டு. கறுவாவுக்கு வரலாறு உண்டு. கோப்பிக்கும் தேயிலைக்கும் பெருநூல்களே உண்டு. மன்னரும் வணிகரும் கம்பனிகளும் எந்தச் செடியால் பொருளீட்டினரோ, அந்தச் செடியின் கதையை ஏடுகள் விரிவாக எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் எவரும் விதைக்காமல், எவரும் நீர் வார்க்காமல், பாதையோரத்திலும் குப்பை மேட்டிலும் இடிந்த சுவரின் அடியிலும் தானாக முளைத்து நிற்கும் செடிகளுக்கு வரலாறு எழுதுவோர் அரியர். களை என்ற ஒற்றைச் சொல்லால் அவற்றைத் தள்ளி விடுகிறோம்.

அவ்வாறு தள்ளப்பட்ட செடிகளுள் ஒன்று ஊமத்தை. அதன் வரலாற்றை, ஊவா மாகாணத்துப் பசறைப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இப்பகுதித் தோட்டங்களில் உழைக்கும் மக்களின் முன்னோர், இச்செடி மலிந்த தென்னிந்திய வறள்நிலங்களிலிருந்து வந்தவர்கள். ஆகவே செடியின் கதையைத் தேடிச் செல்வோர் கடலின் அக்கரைக்குச் சென்று மீண்டும் இக்கரைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அப்பயணத்தில், ஒரே அறிவு ஏழையின் கையில் குற்றமாகவும் கம்பனியின் கையில் மருந்தாகவும் எவ்வாறு மாறியது என்பதை நாம் காண்போம்.

1. வறண்ட காற்றின் நாடு

பதுளையிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை பசறையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகிறது. மற்றொன்று மொனராகலைக்கு இறங்குகிறது. அருகே 2,036 மீற்றர் உயரமுடைய நமுனுகுலை மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவுகளில் தன் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஈரம் நீங்கிய வெறுங்காற்றாக ஊவாவை வந்தடைகிறது. கீழ்க்கரை மக்கள் கச்சான் என்று சொல்லும் காற்று இதுவே. ஆனி தொடக்கம் புரட்டாதி வரை இக்காற்று வீசும் காலத்தில் பற்றனைப் புல்வெளி காய்ந்து பழுப்பேறுகிறது. தேயிலைக் கொழுந்தோ அந்த வாட்டத்தினாலேயே தனி மணம் பெறுகிறது. ஊவாத் தேயிலையின் புகழ், உண்மையில் வறட்சியின் புகழே ஆகும்.

பசறையிலிருந்து கிழக்கே இறங்க இறங்க இடைவலயம் மறைந்து உலர்வலயம் தொடங்குகிறது. வறண்ட மண், மனிதரும் மாடும் மிதித்துக் கலைத்த மண், சாம்பலும் குப்பையும் சேர்ந்த மண் ஆகியவையே ஊமத்தைக்கு உகந்தவை. இடுப்பளவு வளரும், அகன்ற இலை, குழல் போன்று நீண்டு, மாலையில் விரியும் வெண்மையான அல்லது ஊதா நிறமான பூ, முள் நிறைந்த காய். ஆடு மாடுகள் அதனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். சிங்கள மக்கள் இதனை அத்தன என்பர். மலைநாட்டின் ஈரமான ஓடையோரங்களில் மணிகளைப் போலத் தலைகீழாகப் பூக்கள் தொங்கும் சிறுமரம் ஒன்று உண்டு. அதற்கு ரட்ட அத்தன, அதாவது சீமை அத்தன என்று பெயர். இரண்டும் உறவுச்செடிகள். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். நம் கறிச்சட்டிக்கு உணவளிக்கும் குடும்பமே நஞ்சையும் ஈன்றிருக்கிறது.

இச்செடியின் கடுந்திறம் அதன் விதையில் உள்ளது. 1902இல் அமெரிக்காவில் பல்வேறு செடிகளின் விதைகளை மண்ணில் புதைத்து வைத்து, ஆண்டுகள் பல கழித்துத் தோண்டியெடுத்து முளைக்க வைக்கும் சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. 39 ஆண்டுகளுக்குப் பின்பும் ஊமத்தை இனமொன்றின் விதைகளில் பத்தில் ஒன்பது முளைத்தன. பாட்டன் களைந்தெறிந்த செடியின் விதையைப் பேரன் காலத்து மழை முளைப்பிக்கிறது. களைகொத்தி எவ்வளவுதான் உழைத்தாலும் இச்செடி அழியாமைக்கு இதுவே காரணம்.

2. பெயரும் பூர்விகமும்

ஊமத்தை என்னும் பெயர் உன்மத்தம் என்ற சொல்லின் வழி வந்தது. சித்தம் கலங்கிய நிலைக்குப் பெயர் உன்மத்தம். செடியின் வடிவத்தையோ நிறத்தையோ நோக்காமல், அது மனித மூளைக்குச் செய்வதை நோக்கியே நம் முன்னோர் பெயரிட்டனர். அனுபவ அறிவு அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

சைவ இலக்கியத்தில் ஊமத்தை சிவனுக்குரிய மலர். தேவாரப் பாடல்களில் பிறையோடும் பாம்போடும் கொன்றையோடும் மத்தமும் அவன் முடியில் இடம்பெறுகிறது. செல்வர் வீட்டு மலர்களை விடுத்து, எருக்கும் ஊமத்தையும் போன்ற சுடுகாட்டோரத்துப் பூக்களைச் சூடும் கடவுளாக அவனைக் கற்பனை செய்த மனம், ஊர்ப்புறத்து எளிய மக்களின் நிலத்தை அறிந்த மனம் என்பதில் ஐயமில்லை. சித்த வைத்தியத்திலும் வெள்ளூமத்தை, கருவூமத்தை என்ற வேறுபாடுகளோடு இச்செடி இடம்பெற்றது. நஞ்சென்று அறிந்தே அதனைக் கையாண்டனர்.

ஐரோப்பியர் இச்செடியை நம்மிடமிருந்தே கற்றனர். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலான உள்நாட்டு வைத்தியரின் துணையோடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் ஊமத்தை தன் மலையாளப் பெயராலேயே படத்துடன் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இவ்வினத்திற்குத் தாத்துரா என்று விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அதுவும் வடமொழியின் தத்தூரம் என்ற சொல்லே. சென்னையில் பணிபுரிந்த வைத்தியர் வைட்லா ஐன்ஸ்லி 1813இல் வெளியிட்ட மருத்துவப் பொருள் நூலிலும் தமிழ்ப் பெயர்களைக் குறித்துள்ளார். பெயரைக் கடன் வாங்கியவர்கள், அப்பெயரை வழங்கிய மக்களுக்கு நூலில் எவ்வளவு இடம் தந்தனர் என்பது வேறு கேள்வி.

செடியின் பூர்விகம் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இவ்வினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்பது தாவரவியலாரின் முடிபு. ஆயின் கொலம்பஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் நாட்டு நூல்களில் ஊமத்தை காணப்படுகிறது. 2007இல் கீதா, கரைபே என்னும் இரு ஆய்வாளர், மொழிச் சான்றுகளையும் இலக்கியச் சான்றுகளையும் சிற்பச் சான்றுகளையும் தொகுத்து, கி.பி. முதலாயிரத்திலேயே இச்செடி இங்கு வந்திருக்க வேண்டும் என்று வாதித்தனர். இது ஏற்கப்படுமாயின், நம் கோயிலில் தெய்வமலராகப் போற்றப்படும் செடியும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்து குடியேறியதே ஆகும். எவர் பூர்வகுடி, எவர் வந்தேறி என்று மனிதரைத் தரம் பிரித்து உரிமை மறுக்கும் அரசியலாருக்கு இச்செடி ஒரு நல்ல பாடம்.

3. நஞ்சும் நீதிமன்றமும்

ஊமத்தையின் இலை, பூ, விதை யாவற்றிலும் அத்திரப்பின், ஹயோசின் முதலிய காரப்பொருள்கள் உள்ளன. உடலின் சில நரம்புகள் அனுப்பும் ஆணைகளை இவை தடுத்து நிறுத்துகின்றன. வாய் வறள்கிறது, தோல் காய்ந்து சூடேறுகிறது, கண்மணி விரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, இல்லாதவற்றைக் கண்டு பேசும் பிதற்றல் தோன்றுகிறது. அளவு மிகுமாயின் உயிர் போகும். ஒரே செடியிலும் இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறுபடுவதால், பாதுகாப்பான அளவு இதுவென எவரும் கண்ணால் அறிந்துவிட முடியாது.

இந்நஞ்சு அரசியல் வரலாற்றிலும் ஒரு முறை இடம்பெற்றது. 1676இல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்ற ஆங்கிலச் சிப்பாய்கள், ஜேம்ஸ்டவுனில் ஊமத்தை இலையைக் கீரையெனச் சமைத்துண்டு பதினொரு நாள் பித்துற்றுக் கிடந்தனர் என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர் பெவர்லி எழுதினார். ஊர்ப்பெயரே அங்குச் செடிக்குப் பெயராயிற்று. உள்ளூர் மக்கள் அறிந்திருந்ததை அடக்குமுறைப் படை அறியவில்லை!

இந்தியாவில் இக்கதை வேறு உருக்கொண்டது. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஒர்த்தா, களவு செய்வதற்காக உணவில் ஊமத்தை கலக்கப்படுவதைக் குறிப்பிட்டுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்போக்கரோடு நட்புப் பூண்டு, உணவில் இதனைக் கலந்து மயக்கிப் பொருள் பறிப்போர் பற்றிய வழக்குகள் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் நிரம்பின. இதன் விதை மிளகாய் விதையைப் போலிருப்பதால் ஐயமின்றிக் கலக்க முடிந்தது. 1849இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் பதவி ஏற்படுத்தப்பட்டது. 1856இல் நார்மன் செவர்ஸ் வங்காளத்துக்கென எழுதிய சட்ட மருத்துவ நூலில் ஊமத்தை முக்கிய இடம் பெற்றது. 1904இல் இந்திய நச்சுப்பொருள் சட்டம் பிறந்தது.

கொலையும் களவும் குற்றமே. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அக்கால ஆங்கில நூல்களைப் படிப்போர் ஒன்றைக் காண்பர். நஞ்சூட்டல் என்பது ஏதோ இந்நாட்டு மக்களின் பிறவிக்குணம் என்பது போல அவை பேசுகின்றன. அதே காலத்து இங்கிலாந்தில் பாஷாணம் எனப்படும் ஆர்செனிக் நஞ்சால் நிகழ்ந்த கொலைகள் பத்திரிகைகளை நிறைத்தன. அதனால் ஆங்கிலேயர் முழுவதும் நஞ்சூட்டிகள் என்று எவரும் எழுதவில்லை. நிலவரியும் பஞ்சமும் கிராமத்தைச் சிதைத்து, வாழ வழியற்ற மனிதரை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்ட காலம் அது. அந்தக் காரணத்தை ஆராயாமல், குற்றத்தை மக்களின் இயல்பிலும் வேலியோரத்துச் செடியிலும் தேடுவது ஆட்சியாளருக்கு எளிதாயிருந்தது.

4. சென்னையிலிருந்து சென்ற புகை

இதே காலத்தில், இதே செடி, இன்னொரு வாசல் வழியாக ஐரோப்பாவில் நுழைந்தது. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் ஈளை நோயின் இழுப்பு தணியும் என்பதைத் தென்னாட்டு மக்கள் அறிந்திருந்தனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முறையைக் கண்டு பரிந்துரைத்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் சென்னையிலிருந்து திரும்புகையில் இதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்று, எடின்பரோ வைத்தியர் சிம்ஸிடம் அளித்தார். சில ஆண்டுகளில் ஊமத்தைப் புகை ஐரோப்பா முழுவதும் பரவியது.

பின்னர் நடந்ததை வணிகத்தின் வரலாறு என்றே கூற வேண்டும். ஊமத்தைச் சுருட்டுகளும், எரித்து முகரும் தூள்களும் அழகிய தகரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கம்பனிப் பெயர்களோடு கடைகளில் விற்பனையாயின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் இத்தகைய மருந்துச் சுருட்டுகளைப் பயன்படுத்தியவர். 1833இல் ஜெர்மானிய இரசாயனவியலார் அத்திரப்பினைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அந்த அத்திரப்பினின் மூலக்கூறைத் திருத்தி அமைத்து இப்ராத்திரோப்பியம் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. 1970களில் அது மூச்சு வழி உறிஞ்சும் மருந்தாக வெளிவந்தது. இன்று மருத்துவமனைகளில் கடும் இழுப்போடு வரும் நோயாளியின் முகத்தில் பொருத்தப்படும் மருந்தாவியில் இதுவும் ஒன்று. புகையின் நச்சுத்தன்மையைக் களைந்து, நலம் தரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட விஞ்ஞானத்தின் சாதனை இது. அதனைப் போற்றுவோம்.

ஆயினும் இவ்வரலாற்றின் ஏடுகளில் ஆண்டர்சனின் பெயர் உண்டு. ஜென்ட்டின் பெயர் உண்டு. சிம்ஸின் பெயர் உண்டு. ஆண்டர்சனுக்கு அதைக் காட்டிய தமிழ் வைத்தியனின் பெயர் இல்லை. அவன் அறிவு உழைக்கும் மக்களின் பொது உடைமையாய் இருந்தது. ஆகவே எடுத்தவருக்கே உரியதாயிற்று.

5. கண்டிச்சீமையில் களை

இனி இக்கரைக்குத் திரும்புவோம். 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் கிராமங்களை எரித்து, வயல்களையும் நீர்நிலைகளையும் பாழ்படுத்தி அக்கிளர்ச்சியை நசுக்கின. கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். இவ்வாறு பாழாக்கப்பட்ட மாகாணத்தின் மலைகளிலேயே பின்னர் காடழித்துக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன.

அத்தோட்டங்களில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஊமத்தையும் எருக்கும் கண்டங்கத்தரியும் மண்டிய வானம்பார்த்த பூமியின் மக்கள் அவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். எஞ்சியோர் பெரிய கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனோடு மலையேறினர்.

1869இல் பசறைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியின் கல்லூலா தோட்டத்திலேதான் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இரு பத்தாண்டுகளில் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. முதலாளியின் பயிர் மாறியது. தொழிலாளியின் லயமும் கடனும் மாறவில்லை.

இத்தோட்டங்களில் களை என்பது வெறும் செடியன்று. அது ஒரு வேலைப் பிரிவு. மண்ணில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது அக்காலத் துரைமாரின் கொள்கை. ஏக்கர் கணக்கில் மாதக் கொந்தரப்பாகக் கங்காணிமாருக்குப் புல்வெட்டு விடப்பட்டது. பெண்களும் சிறுவரும் முதியோரும் சுரண்டி என்னும் கருவியால் மலைச்சரிவின் மேல்மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தனர். கருவியின் பெயரும் முறையின் பெயரும் ஒன்றாய் அமைந்தமை தற்செயலே எனினும், பொருத்தமற்றதன்று. ஒவ்வொரு மழைக்கும் சுரண்டப்பட்ட மண் ஆற்றோடு போயிற்று. 1931இல் மண்ணரிப்பைப் பற்றி அரசு அமைத்த குழு அறிக்கை தர வேண்டிய நிலை ஏற்பட்டது. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. களையைப் பகையாக்கிய கொள்கை, மலையின் மண்ணையே இழந்து முடிந்தது.

களை என்றால் என்ன? உரிமையாளன் விரும்பாத இடத்தில் வளரும் செடி களை. அதற்கு வேறு இலக்கணம் தாவரவியலில் இல்லை. மனிதருக்கும் இவ்விலக்கணம் பொருத்தப்பட்ட காலம் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மூன்று தலைமுறையாக இம்மலைகளில் உழைத்த மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974இல் பேசித் தீர்க்கப்பட்டது. பசறையிலிருந்தும் பதுளையிலிருந்தும் உறவைப் பிரிந்து கப்பலேறிய குடும்பங்களின் துயரத்தை இவ்வெண்கள் கூறா. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முழுமையாக வழி திறந்தது.

6. தூசியும் மூச்சும்

தேயிலைத் தொழிற்சாலையில் உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் நுண்ணிய தூசி எப்போதும் பறந்துகொண்டிருக்கும். அதனை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு இருமலும் இழுப்பும் நேர்வதைத் தொழிலாளர் தம் அனுபவத்தால் அறிவர். இலங்கையின் நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. ஊறகொட 1970இல் பிரிட்டிஷ் தொழில் மருத்துவ ஏட்டில், தேயிலைத் தூசியால் நேரும் ஈளை நோயைப் பற்றி எழுதினார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார். தொழிலாளி நெடுங்காலம் சொல்லிவந்தது அப்போதுதான் விஞ்ஞானத்தின் ஏட்டில் ஏறியது.

இங்கே நம் கதையின் இரு இழைகளும் சந்திக்கின்றன. இழுப்புக்கு ஊமத்தைப் புகையைக் கண்டறிந்த மக்களின் வழித்தோன்றலே தேயிலைத் தூசியால் இழுப்புறுகிறான். அப்புகையிலிருந்து பிறந்த மருந்து உலகின் மருத்துவமனைகளில் இருக்கிறது. அது அவனுக்குக் கிடைக்கிறதா என்பதே வினா.

தோட்ட வைத்திய வசதிக்கான முதற்சட்டம் 1872இல் வந்தது. 1912இல் விரிவான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இவற்றின் நோக்கம் உழைப்பாளியை வேலைக்கு ஏற்ற உடலோடு வைத்திருப்பதே. தோட்ட டிஸ்பென்சரியும் அதன் மருந்துக் கலவையும் தோட்ட நிருவாகத்தின் கைக்குள் இருந்தன. நோயாளி நடிக்கிறானா, உண்மையில் நோயுற்றானா என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அங்கேயே இருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுக்கிடையே தோட்ட மக்களின் வைத்தியம், நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையோடு முழுதும் இணையாமல் நெடுங்காலம் தொங்கி நின்றது. நோயாளியைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் இறங்கி நகரத்து வைத்தியசாலையை அடைய வேண்டிய நிலையை ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

7. நஞ்சுக்கு நஞ்சு

ஊமத்தைக் குடும்பத்தின் அத்திரப்பினுக்கு இன்னொரு பணியும் உண்டு. பூச்சிகளைக் கொல்லப் பயன்படும் கரிம பொசுபரசு மருந்துகள் உடலில் சேர்ந்தால், ஊமத்தை எந்த நரம்பாணைகளைத் தடுக்கிறதோ அதே ஆணைகளை அவை அளவின்றிப் பெருக்குகின்றன. உமிழ்நீர் பெருகும், மார்பில் நீர் நிறையும், கண்மணி சுருங்கும். அவ்வேளையில் உயிர் காக்கும் முதல் மருந்து அத்திரப்பினே. ஒரு நஞ்சு மற்றொரு நஞ்சைத் தடுத்து நிறுத்துகிறது.

இலங்கையில் இதன் தேவை பெரிது. 1960களுக்குப் பின் கம்பனிகள் கிராமம் தோறும் பூச்சிமருந்தைப் பரப்பின. வறுமையும் விரக்தியும் மிகுந்த வீடுகளில், கைக்கெட்டும் தூரத்தில் கொடு நஞ்சு வைக்கப்பட்டது. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்குத் தற்கொலைச் சாவு உயர்ந்தது. உலகின் மிகக் கூடிய விகிதங்களுள் அதுவும் ஒன்று. அவர்களுள் பெருந்தொகையினர் உழவரும் தொழிலாளரும் இளைஞரும் ஆவர். 1984இல் பாரதியோன் வகை மருந்துகளும், 1995இல் எஞ்சிய மிகக்கொடிய மருந்துகளும், 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. 2005இல் அவ்விகிதம் 24 ஆகக் குறைந்தது. களைகொல்லியாகத் தேயிலை மலைகளிலும் தெளிக்கப்பட்ட பரகுவாட்டுக்கு அத்திரப்பினும் மாற்று அன்று. எந்த மாற்றும் இல்லை. அதுவும் 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. இத்தடைகளால் இருபதாண்டுகளில் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? வேலியோரத்தில் ஊமத்தை நின்ற நூற்றாண்டுகளில் எந்த ஊரும் இத்தகைய சாவைக் கண்டதில்லை. இலாபத்துக்காகப் போத்தலில் அடைத்து வீட்டுக்கு வீடு அனுப்பப்பட்ட நஞ்சே இவ்வளவு உயிர்களைக் குடித்தது. அவ்வுயிர்களைப் பின்னர் காத்தது, தனிமனிதருக்குச் சொன்ன புத்திமதி அன்று. பொது நலனுக்காக வணிகத்தின் கையைப் பிடித்து நிறுத்திய சட்டமே. 2015இல் கிளைபோசேற்றுக்கு விதித்த தடையில் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. களையை யார் எடுப்பது, எதனால் எடுப்பது, அதன் விலையை எவருடைய உடல் கொடுப்பது என்ற பழைய வினா இன்றும் மலைகளில் உயிரோடிருக்கிறது.

8. நமது கடமை

பழைய அறிவெல்லாம் உயர்ந்தது என்று கொண்டாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வெறிநாய்க் கடிக்கும் ஊமத்தையை மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருந்தது. அதனால் வெறிநோய் தீர்ந்ததில்லை. நஞ்சால் மேலும் துன்புற்றோரே உண்டு. 1907இல் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் ஆய்வகமும் அங்கிருந்து சென்ற தடுப்பு மருந்துமே நம் நாட்டவரைக் காத்தன. இன்றும் எவரேனும் ஊமத்தையைத் தாமே மருந்தாக்க முற்படின் அது உயிரோடு விளையாடுவதாகும். முன்னோர் அறிந்ததில் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய விஞ்ஞானம் வேண்டும். அவ்விஞ்ஞானத்தின் பயன், அறிவைத் தந்த மக்களுக்கே திரும்பிச் செல்ல நியாயமான சமுதாய அமைப்பும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தராது.

பசறைப் பகுதியின் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இங்கு ஒரு பணி காத்திருக்கிறது. லயங்களில் வாழும் முதியோருக்கு எத்தனையோ செடிகளின் பெயர்கள் தெரியும். இராமநாதபுரத்துப் பெயர் ஒன்று, சேலத்துப் பெயர் ஒன்று, அயற் கிராமத்துச் சிங்களப் பெயர் ஒன்று என மூன்றும் ஒரே நாவில் வழங்குவதுண்டு. எது நஞ்சு, எது கறி, எதைக் கன்று தின்னாது என்று அவர்கள் அறிவர். அவர்களோடு அவ்வறிவும் மறைந்து போகாமல், சொன்னவரின் பெயரோடு எழுதி வைப்பது பாடசாலைகள் செய்யக்கூடிய காரியம். பதுளை - பசறை வீதியிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அதன் ஆய்வுகூடங்களில் நுழைந்து, தம் பாட்டிமார் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் நாள் விரைய வேண்டும்.

அதனினும் முதன்மையானது, தேயிலைத் தூசியில் மூச்சு முட்டும் தொழிலாளிக்கு மருந்தும் வைத்தியரும் அவன் வாழும் இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை. அது பிச்சை அன்று. 1802இல் சென்னையிலிருந்து சென்ற கப்பலில் அவன் முன்னோரின் அறிவு ஏற்றிச் செல்லப்பட்டது. அதற்குப் பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை. இருநூறு ஆண்டுகளாக நிலுவையில் நிற்கும் அக்கடனைத் திருப்பிக் கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு.